ஒரே கட்டத்துக்குள் நீலகிரி: ஓர் ஆய்வேட்டு அனுபவம்

முதுகலை ஆய்வேட்டுக்காக, 2050-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீலகிரியின் மழையும் மக்கள்தொகையும் எப்படியிருக்கும் என மதிப்பிட முனைந்தபோது நான் செய்த இரண்டு தவறுகளை, இதே துறையில் நுழையும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

உலகக் காலநிலை மாதிரிகள் பலவும் பூமியை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. நீலகிரி மாவட்டத்தின் பரப்போ சுமார் 2,550 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவும் அடிவாரத்து மேட்டுப்பாளையமும் ஒரே சராசரிக்குள் கரைந்துவிடக்கூடும். கூடலூருக்கும் அவலாஞ்சிக்கும் தென்மேற்குப் பருவமழை பெரிது, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை முக்கியம் என்பது இங்கே கொழுந்து பறிக்கும் எவருக்கும் தெரியும். நான் பதிவிறக்கிய தரவில் அந்த வேறுபாடு இல்லை. அதை உணராமல் மாதிரி காட்டும் மழையளவை உள்ளூர்ப் பதிவுகளோடு பொருத்த, மாவட்டம் முழுமைக்கும் ஒரே திருத்தக் காரணியைப் போட்டுவிட்டேன். வரைவைப் படித்த நெறியாளர், "2009 நவம்பரில் குன்னூர்ப் பக்கம் மண்சரிவு வந்ததே, அந்த மழை உங்கள் வரைபடத்தில் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் ஒவ்வொரு மழைமானி நிலையத்துக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே திருத்தம் செய்தேன். சில ஆண்டுகளின் பதிவுகளைத் தனியே ஒதுக்கி வைத்து, திருத்திய மதிப்புகளை அவற்றோடு ஒப்பிட்டும் பார்த்தேன். வேலை மூன்று மாதம் நீண்டது, ஆனால் தவிர்க்க முடியாதது.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. நான் எடுத்துக்கொண்ட எதிர்கால உலகக் காட்சியின் பெயர் எஸ்.எஸ்.பி. 2-4.5. அதில் 2 என்பது உலகச் சமூகம் எப்படி வளரக்கூடும் என்று விவரிக்கும் ஐந்து சமூகப் பொருளாதாரப் பாதைகளுள் ஒன்றைக் குறிக்கும், 4.5 என்பது 2100-இல் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்னும் கதிர்வீச்சு அழுத்தம், அதாவது பசுங்குடில் வாயுக்கள் முதலியவற்றால் பூமியில் தங்கும் கூடுதல் ஆற்றல். அந்தப் பாதை இந்தியாவுக்குக் காட்டும் மக்கள்தொகை வளர்ச்சியை மாவட்டத்துக்கு விகிதப்படி பங்கிட்டேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஆனால் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7,62,141 ஆக இருந்த நீலகிரி, 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்திருந்தது. பசுந்தேயிலை விலை கட்டுப்படியாகாமல் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் சென்ற குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இருக்க, அதை நான் கணக்கில் சேர்க்காதது இன்றும் வருத்தம் தருகிறது.

வெப்பநிலையைப் போல மக்கள்தொகையைக் கணிதத்தால் மட்டும் உலக அளவிலிருந்து மாவட்ட அளவுக்குக் கீழிறக்க முடியாது. ஆகவே உலகப் பாதையை எல்லையாக மட்டும் வைத்துக்கொண்டு, தேயிலை விலை, இடப்பெயர்வு, சுற்றுலா ஆகியவை எத்திசையில் போகலாம் என்பதை விவசாயிகளிடமும் ஊராட்சியிலும் கேட்டு, மாவட்டத்துக்கென மூன்று எதிர்காலக் கதைகளை எழுதினேன். வாய்மொழித் தேர்வில் முதலில் வந்த கேள்வி, எந்த எண் உலகப் பாதையிலிருந்து வந்தது, எது உள்ளூரில் கிடைத்தது என்பதுதான். அந்தப் பட்டியலை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்.