கையெழுத்துப் போட்ட பிறகு

2018 மே மாதம் என் மகளைப் பெற்றேன். ஐந்தாம் நாள், தத்துக் கொடுப்பதற்காக, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தேன். கல்யாணம் ஆகவில்லை, வீட்டுக்குத் தெரிந்ததே ஏழாம் மாதத்தில்தான், அவன் அதற்கு முன்பே போனை எடுப்பதை நிறுத்தியிருந்தான். அந்தக் கதை இவ்வளவு போதும். தத்தெடுத்தவர்கள் எழுதியது தமிழில் ஓரளவு படிக்கக் கிடைக்கிறது, கொடுத்தவள் எழுதியது என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது இதே நிலையில் ஒரு பெண் இருந்தால், அவளோ அவளுடைய அக்காவோ சித்தியோ படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா வந்து, "நல்ல குடும்பம் இருக்கு, நேரா கொடுத்துடலாம், உன் செலவும் பார்த்துப்பாங்க" என்றார். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். அது குற்றம் என்பது ஒரு பக்கம், அப்படிக் கொடுத்தால் குழந்தை யாரிடம் போனது என்பதற்கு எங்கேயும் ஒரு காகிதம்கூட இருக்காது. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தால் சரியான இடத்துக்கு வழி சொல்வார்கள். நாங்கள் அப்படித்தான் போனோம்.

கையெழுத்துக்கு முன்னால் நடந்ததில் எனக்குக் குறை இல்லை. சமூகப் பணியாளர் என்னைத் தனியாக இரண்டு முறை உட்கார வைத்துப் பேசினார். நீயே வளர்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார், அப்படிக் கேட்க வேண்டும் என்பது விதி. கல்யாணமாகாத அம்மா என்பதால் குழுவிலிருந்து ஒரே ஒரு பெண் உறுப்பினர் முன்னால்தான் ஒப்படைப்பு நடந்தது, கூட்டமாக உட்கார்ந்து யாரும் விசாரிக்கவில்லை. பத்திரத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள். அறுபது நாளுக்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பிறகு முடியாது. கடைசியில் ஒரு கேள்வி: பிற்காலத்தில் குழந்தை தேடி வந்தால் உன் பெயரையும் முகவரியையும் தெரிவிக்க விரும்புகிறாயா, இல்லையா? பக்கத்தில் சித்தி நின்றிருந்தார். 'விரும்பவில்லை' என்பதில் டிக் செய்தேன்.

அன்றைக்கு ராத்திரி பால் கட்டிக்கொண்டது. பால் கொடுத்தால் பாசம் வந்துவிடும், கொடுக்காதே என்று சித்தி சொல்லியும் நான் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தேன், அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. மார்பு கல் மாதிரி ஆகி, கையைத் தூக்க முடியாமல், காய்ச்சலும் வந்தது. சித்தி இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து, மார்பில் சுற்றி, பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்ற எங்கள் பக்கம் காலங்காலமாகச் செய்வது இது. வேலூரில் மருத்துவர்களே மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பூவுக்கும் பால் குறைகிறது என்று 1980களில் எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பிற்பாடு படித்தேன். அந்த ராத்திரி எனக்குத் தெரிந்ததெல்லாம் பூ சூட்டுக்கு வதங்கி, பாலில் நனைந்து, ஒருவித புளிப்பு வாசனையாக மாறியதுதான். காலையில் அவிழ்த்தபோது பூ பழுப்பாகித் தோலோடு ஒட்டியிருந்தது. ரொம்ப நாள் வரைக்கும் பஸ்ஸில் முன்சீட்டில் யாராவது மல்லிகை வைத்திருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். பாலை நிறுத்த மாத்திரை இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள், பிரஷர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அறுபது நாளையும் தினசரி காலண்டரில் கிழித்துக் கிழித்து எண்ணினேன். இரண்டு முறை போன் செய்தேன். "நல்லா இருக்கா, எடை ஏறியிருக்கா" என்றார் சமூகப் பணியாளர். அறுபதாம் நாள் சாயங்காலம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் ஒரே பதில் வராது.

அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. வேலைக்குப் போனேன், சம்பளம் வாங்கினேன், தூக்கம் மட்டும் வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு தினமும் வர ஆரம்பித்ததும் பயந்துவிட்டேன். முதலில் தனியாரிடம் போனேன். அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் மறந்துடும்" என்றார். திரும்பிப் போகவில்லை. அப்புறம் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்த ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பா பொறந்தப்போ எத்தனை கிலோ இருந்துச்சும்மா?" என்றார்.

இரண்டு கிலோ அறுநூறு. அதுவரை ஒரு ஆள்கூட அதைக் கேட்டதில்லை. குழந்தை பெற்ற எந்தப் பெண்ணையும் ஊரே கேட்கிற கேள்வி அது. அன்றைக்கு நான் அழுத அழுகை முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான்.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை, ஒரு வருஷம் போனேன். டாக்டர் மாத்திரையும் கொடுத்தார், ஒன்பது மாதம் சாப்பிட்டேன். ஆலோசகர் பெரிதாக அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சாவு நடந்த வீட்டில் கூட உட்கார்ந்து அழ நாலு பேர் வருவார்கள், உனக்கு அப்படி யாரும் வரவில்லை, அதனால்தான் உள்ளேயே நிற்கிறது என்றார். நம்புகிற ஒரே ஒருவரிடமாவது சொல் என்றார். கூட வேலை செய்த அக்காவிடம் சொன்னேன், இப்போதும் மே மாதம் அந்தத் தேதியில் எனக்காக லீவு போட்டுவிட்டு வருகிறவர் அவர்தான். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் இப்போது அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, 2022இல் வந்தது, தமிழிலேயே பேசலாம். நானும் இரண்டு முறை பேசியிருக்கிறேன்.

அந்த டிக் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று எழுதியவளைத் தேடி வந்து என்ன செய்வாள்? ஆலோசகர் விசாரித்துச் சொன்னார்: வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் குழந்தை வளர்ந்து தேடி வந்தால் அம்மாவிடம் மறுபடி கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கித்தான் முடிவு செய்வார்களாம். அப்படியென்றால் அன்றைக்கு நான் கண்டுபிடிக்கிற இடத்தில் இருக்க வேண்டும். சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதி, குழு என் மகளைச் சேர்த்திருந்த தத்து நிறுவனத்துக்கு நேரில் போய்க் கொடுத்து, கோப்பில் சேர்க்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டார்கள்.

2023இல் வீடு மாறினேன். பால் காய்ச்சின மறுநாளே புது முகவரியை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நிறுவனத்தின் முத்திரையோடு திரும்பி வந்த ஒப்புகை அட்டை என் ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கிறது.