கோயில் வேலையை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது

நெல்லைச் சீமையில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒரே மூச்சில் எழும்புவது அபூர்வம். தலைக்கட்டு வரி, மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்புவது, திருவிழாக் கணக்கில் மிஞ்சுவது என்று பணம் தவணை தவணையாகத்தான் வரும். வேலையும் நின்று நின்றுதான் நடக்கும். அதில் தப்பில்லை. பணம் தீர்ந்த இடத்திலேயே வேலையை நிறுத்துவதுதான் தப்பு. எந்தெந்தக் கட்டத்தில் நிறுத்தலாம் என்பதை வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுமுன்பே பொறியாளரோடு உட்கார்ந்து வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.

ஆயரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கோயில் கட்டத் திருச்சபைச் சட்டமே இடம் தராது. வழிபாட்டுத் தலம் என்பதால் ஆட்சியர் அலுவலக அனுமதியும் வேண்டும். இரண்டும் கைக்கு வராமல் அஸ்திவாரக் கல் மந்திரிப்புக்கு நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

மண் விஷயத்தில் இந்தச் சீமை ஒரே சீமை இல்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊதும். அங்கே கரிசல் ஆழம் குறைவு என்றால் அதைத் தாண்டி, அடியிலுள்ள கெட்டியான சுக்கான் மண் வரைக்கும் போய்விடலாம். ஆழம் அதிகம் என்றால் 3.5 மீட்டருக்குக் குறையாத, அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்)தான் சரி. பைல் மேல் போடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 80 மி.மீ. இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் ஊதுகிற மண் பீமை அடியிலிருந்து தூக்கும், சுவர் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறும். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் பிரச்சினை வேறு. குழி தோண்டத் தோண்டக் கரை சரியும். பணகுடி, இராதாபுரம் பக்கம் ஒரு மூலையில் பாறையும் மறு மூலையில் மண்ணுமாக வரும். பாதித் தூண் பாறையில், பாதி மண்ணில் நின்றால் மண்ணில் நிற்பது மட்டும் இறங்கும். பழைய கோயிலை இடித்த இடத்திலேயே கட்டும்போதும் இதே கதைதான். பழைய கல் அஸ்திவாரம் ஒரு பக்கம் கிடக்கும், எந்தக் காலத்திலோ மூடிய கல்லறை ஒன்று இன்னொரு பக்கம் கிடக்கும். பழைய பங்குப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தூணுக்கு இடம் குறிப்பது நல்லது.

இனி நிறுத்தும் இடங்கள். முதலாவது, தரைமட்டத்தில் ஓடும் பிளிந்த் பீம் போட்டு, உள்ளே மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்கிய பிறகு. இந்தக் கட்டத்தில் ஒரு வருஷம் கிடந்தாலும் கெடாது. தரைமட்ட உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய சீமை இது. இரண்டாவது, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் பெல்ட் பீம் ஓட்டிய பிறகு. மூன்றாவது, கூரை போட்டு, அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு இடித்துத் தட்டோடு பதித்த பிறகு.

குழி தோண்டிப் போட்டுவிட்டு ஐப்பசி மழையை வரவேற்பதைவிட மோசமான நிறுத்தம் கிடையாது. அடிமண் கூழாகிவிடும். பிறகு இன்னும் ஓர் அடி தோண்டி எடுக்க வேண்டும், கான்கிரீட் செலவு கூடும். பெல்ட் பீம் இல்லாமல் எட்டடி, பத்தடிச் சுவரை நிறுத்திவிட்டுப் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் ஆடிக் காற்று அதைச் சோதிக்கும். தூண் கம்பி வானத்தைப் பார்த்து நிற்கும்படி விட்டால் துரு ஏறும். உவரி, மணப்பாடு, இடிந்தகரை போன்ற கடற்கரையில் ஒரே மழைக்காலம் போதும், செதில் செதிலாக உரியும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் கம்பிக்கு சிமெண்ட் பால் இரண்டு கை அடித்து, மெலிந்த கலவையால் மூடிவிடுங்கள். பிறகு உடைத்தெடுப்பது சுலபம். திரும்ப ஆரம்பிக்கும்போது கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கம்பி கனம் குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். 16 மி.மீ. கம்பியில் பழையதும் புதியதும் சேர்ந்து நிற்கும் ஒட்டு 80 செ.மீ. வேண்டும் என்பதால் வெளியே நிற்கும் நீளத்தையும் முதலிலேயே கணக்குப் பார்த்து விட வேண்டும்.

கூரை ஒன்றுதான் ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தவே கூடாத வேலை. 100-க்கு 40 அடிக் கோயில் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குல ஸ்லாப் மட்டும் 47 கன மீட்டர். நடுவே தூண் இல்லாமல் 40 அடி தாண்ட பீம் கிட்டத்தட்ட மூன்றடி ஆழம் வரும். அதையும் சேர்த்தால் 70 கன மீட்டரைத் தாண்டும். சிமெண்ட் ஏறக்குறைய 500 மூடை. கையில் 300 மூடைக்குத்தான் காசு இருக்கிறது, பாதி போடுவோம் என்றால் அந்த ஒட்டில் ஆயுசுக்கும் ஒழுகும். மழையாலோ மெஷின் மக்கராலோ நிறுத்த நேர்ந்தால், எங்கே நிறுத்துவது என்பதையும் பொறியாளர் முன்னமே குறித்துத் தர வேண்டும். தூண் பக்கத்தில் நிறுத்தவே கூடாது, நடுப்பகுதியில்தான். 40 அடி பீமைத் தாங்கும் முட்டுக்கம்புகளை 21 நாளுக்கு முன் எடுக்கச் சொன்னால், சென்ட்ரிங் வாடகை எவ்வளவு ஏறினாலும் மறுத்துவிடுங்கள்.

கம்பிக்கு அடியில் ஜல்லிக்கல்லை முட்டுக்கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கம்பியை மூடும் கான்கிரீட் கனத்துக்குத்தான் கவர் என்று பேர்; அதற்கென்றே உள்ள சிமெண்ட் கட்டையை, கவர் பிளாக்கை, வைக்கச் சொல்லுங்கள். கடற்கரையில் எம் 30 என்ற பலம் கூடிய கான்கிரீட் கலவையும் 45 மி.மீ. கவரும் வேண்டும். தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. நம் உவர்க் கிணறுகள் பலவற்றில் இதைத் தாண்டும். அந்தத் தண்ணீரில் கலந்தால் வெளியிலிருந்து உப்புக்காற்று வர வேண்டியதே இல்லை.

தகரக் கூரை மலிவுதான். ஆனால் கார்த்திகை மழையில் பிரசங்கம் யாருக்கும் கேட்காது.

கோபுரத்தின் மேல் எல்லோருக்கும் ஆசை. மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயக் கோபுரம் 192 அடிக்கு நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு எந்தக் கோபுரமும் குட்டைதான். கோபுரத்தின் பாரம் வேறு, கூடத்தின் பாரம் வேறு. இரண்டையும் தனித்தனி அஸ்திவாரத்தில் நிறுத்தி, நடுவே ஓர் அங்குல இடைவெளி விட வேண்டும். சேர்த்துக் கட்டினால் சேர்ந்த இடத்தில் கீறல் உறுதி. பணம் போதாவிட்டால் கோபுர அஸ்திவாரத்தை மட்டும் போட்டு மூடிவிட்டு, கூடத்தை முடிக்கலாம். மணிக்கும் கோபுரத்துக்கும் பீடத்துக்கும் உபயம் கிடைக்கும், மண்ணுக்குள் போகிற கான்கிரீட்டுக்கு யாரும் தருவதில்லை. தூணுக்கு ஓர் உபயம் என்று எழுதி வைத்துப் பாருங்கள், அதற்கும் ஆள் வரும்.

எதிரொலியைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. டைல்ஸ் தரை, வழவழப்பான பூச்சு, 25 அடி உயரம் என்றால் ஆளில்லாத கூடத்தில் சத்தம் ஐந்து வினாடிக்கும் மேல் சுற்றும். ஞாயிறு 400 பேர் உட்கார்ந்தால் இரண்டுக்குள் வந்துவிடும். வார நாள் பூசைக்கு வரும் முப்பது பேருக்குத்தான் வாசகம் புரியாது. பீடத்துக்கு எதிரேயுள்ள பின்சுவரை வழவழவென்று விடாமல் துளை வைத்த ஜாலிக் கல்லோ சத்தம் உறிஞ்சும் பலகையோ வையுங்கள். முன்னால் இரண்டு பெரிய பெட்டி வைப்பதைவிடப் பக்கச்சுவர் நெடுக ஒல்லியான ஸ்பீக்கர்கள் நல்லது. மைக் ஒயருக்குத் தனிக் குழாயைப் பூச்சுக்கு முன்பே பதித்துவிடுங்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்து ஓட்டினால் உய்ங்கென்று இரையும்.

பீடத்துக்கு வருவோம். ஆறடிக்கு மூன்றடி, நாலு அங்குலக் கருங்கல் பலகை ஒன்று சுமார் 450 கிலோ. படிக்கட்டு உயரத்துக்கு நிரப்பிய மண் மேல் அதை வைத்தால் கொஞ்ச நாளில் ஒரு பக்கம் சாயும். அடிமண்ணிலிருந்தே கான்கிரீட் பீடக்கால் எழுப்ப வேண்டும். புனிதரின் அருட்பண்டம் (எலும்பு போன்ற நினைவுப் பொருள்) வைக்கப் பீடத்துக்கு அடியில் சின்னக் குழி விடுவதையும் கொத்தனாரிடம் முன்னமே சொல்லிவிட வேண்டும், பிறகு வெட்டினால் விளிம்பு உடையும். குரு சுற்றி வரும்படி பீடத்துக்கும் பின்சுவருக்கும் நடுவே நாலடியாவது இருக்கட்டும்.

கோயில் அர்ச்சிப்புத் (திறப்புச் சடங்கு) தேதியைக் கூரை முடியுமுன் ஆயரிடம் வாங்கிவிட்டால், ஈரம் காயாத பூச்சின் மேல் பெயிண்ட் ஏறும். தைக்குள் பொரிந்து உதிரும். பூச்சுக்குப் பிறகு ஒரு மாதமாவது காயவிட்டுத்தான் பட்டி பார்க்க வேண்டும். அர்ச்சிப்பு அன்றைக்குச் சுவரில் 12 இடத்திலோ 4 இடத்திலோ கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசுவார்கள். அந்த இடங்களில் கல்லிலோ பித்தளையிலோ சிலுவை பதித்து வையுங்கள். வெறும் டிஸ்டம்பரில் எண்ணெய் ஊறினால் அந்தக் கறை அடுத்த வெள்ளையடிப்பிலும் மறையாது.