ஃபுட்டும் ஃபீட்டும் பாதமும்

ஃபுட் – ஃபீட், டூத் – டீத், கூஸ் – கீஸ். கரும்பலகையில் மாஸ்டர் எழுதிப்போட, நாமெல்லாரும் பாடமாக்கிய சோடிகள். விதிவிலக்கு என்று சொல்லித்தான் படித்தோம். ஆனால், ஒரு காலத்தில் அது ஒழுங்கான விதி.

ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் தாயான ஆதி ஜெர்மானியத்தில் ஒருமை 'ஃபோட்ஸ்', பன்மை 'ஃபோட்டிஸ்'. விகுதியிலுள்ள 'இ'யைச் சொல்ல நாக்கு முன்னுக்கு வரவேண்டும். அந்த ஆயத்தத்தில் முன்னிருந்த 'ஓ'வும் முன்னுக்கு இழுபட்டு, பழைய ஆங்கிலத்தில் 'ஏ' ஆனது. விகுதி தேய்ந்து விழுந்தபின் ஃபோட் – ஃபேட் என்ற சோடி மிஞ்சியது. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் இடம்மாற, 'ஓ' 'ஊ'வாகவும் 'ஏ' 'ஈ'யாகவும் ஏறின. ஃபுட்டின் 'ஊ' பிறகு குறுகியது. 'புக்'குக்கும் இப்படியொரு பன்மை இருந்தது. 'புக்ஸ்' வந்து அதைத் தள்ளிவிட்டது.

ஜெர்மனியில் வளரும் நம் பிள்ளைகள் சொல்லும் 'ஃபூஸ்' இதே சொல்தான். அங்கே உயிருக்குப் பின்வந்த 'ட்' 'ஸ்' ஆயிற்று. வாட்டர், வாசர் ஆனதும் அப்படியே. அதன் பன்மையான 'Füße'யைச் சொல்லப் பெரியவர்கள் திணறுவார்கள். உதட்டை 'ஊ'வுக்குக் குவித்தபடி, நாக்கால் 'ஈ' சொல்லுங்கள், சரியாக வரும். கால்விலங்கைக் குறிக்கும் ஆங்கில 'ஃபெட்டர்' இதே வேரில் பிறந்தது.

சமஸ்கிருத 'பாத'த்திலிருந்து ஃபுட் வந்தது என்று மேடைகளில் அடித்துச் சொல்வார்கள். பிழை. இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள். ஜெர்மானியக் கிளையில் பழைய 'ப' 'ஃப' ஆகவும், 'த' என்று மெலிந்தொலித்தது 'ட' என வலித்தும் மாறின. 1818இல் டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்க் காட்டியதை 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் விதியாக வகுத்தார்.

ஆகவே ஆங்கிலத்தில் இந்த வேர் 'ப'வோடு நின்றால் அது இரவல் சொல். பெடல் லத்தீன் வழி வந்தது. பைஜாமாவின் 'பாய்' பாரசீகத்தில் கால். கந்தோர் பியூன் போர்த்துக்கீசக் காலாள். சதுரங்கத்து 'பான்' அவனுக்கு உறவு. தமிழ்ப் 'பாதம்' நாம் சமஸ்கிருதத்தில் வாங்கியது.

விதியைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் இந்த மாற்றத்தைத் தேடவேண்டாம். 'ஸ்'ஸுக்குப் பின் நின்ற வல்லினம் மாறவில்லை: லத்தீனில் ஸ்டெல்லா, ஆங்கிலத்தில் ஸ்டார், இரண்டிலும் 'ட்' அப்படியே நிற்கிறது.