பெயரில்தான் கோழி

மகள் ஒரு வருடம் நச்சரித்து வாங்கிய ஏமன் பச்சோந்திக்கு மூன்று மாத வயது. பெயர் ரங்கசாமி. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். ஏமன் என்று நான் சொன்னது அவள் காதில் எமன் என்று விழுந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் எமனை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாயே என்று ஒரு பாட்டம் திட்டினாள். அது ஒரு நாடு அம்மா, இவன் பூர்வீகம் அங்கே என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

விற்றவர் கொடுத்தனுப்பிய பூச்சிகள் தீர்ந்ததும் இங்கே இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் ஒரு கடைக்குப் போனோம். சுவர் முழுக்க பிளாஸ்டிக் டப்பா, டப்பா முழுக்க சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, புழு. முட்டைகூட உள்ளே வராத வீடு எங்களுடையது. சரி, பெயரில்தானே கோழி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சின்ன சைஸும் பெரிய சைஸும் ஒரே விலை. ஒரே விலைக்குப் பெரிதாகக் கிடைக்கும்போது சிறியதை எடுக்க எனக்குக் கை வருமா? கன்னங்கரேலென்று இருந்த பெரியவற்றில் ஒரு டப்பா எடுத்தேன்.

வீட்டில் ஒன்றைக் கூண்டுக்குள் விட்டேன். ரங்கசாமி ஒரு கண்ணால் அதையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தான். அது மீசையை ஆட்டிக்கொண்டு கிளையில் ஏறி நேராக அவனிடமே வர, இவன் உடம்பெல்லாம் கறுத்துப்போய் இலைக்குப் பின்னால் பதுங்கினான். யார் யாரைச் சாப்பிடப்போகிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ரெண்டு கண்ணுக்கு நடுவில் எவ்வளவு இடம் இருக்கோ, அதைவிடப் பெரிய பூச்சி போடக் கூடாதுப்பா."

"இதைக் கடையிலேயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். நீங்க போனில் கிரிக்கெட் பார்த்துட்டிருந்தீங்க."

ராத்திரி கூண்டில் விட்டுவைத்தால் அது தூங்கும் ரங்கசாமியைக் கடித்துவிடுமாம். வெளியே எடுக்கப் போனேன், முழங்கை பட்டு டப்பா கவிழ்ந்தது. எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து அன்றிரவே கச்சேரியை ஆரம்பித்தது. ஆண் மட்டும்தான் பாடுமாம், எனக்கென்று வாய்த்தது ஆண். அம்மா கோலம் போட எழுந்து கூப்பிடும் நேரம் எங்களுக்கு நடுராத்திரி. "அட, அங்கேயும் சுவர்க்கோழி கத்துதே" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் போய், அவ்வளவாகச் சத்தம் போடாத பழுப்பு நிறச் சுவர்க்கோழியில் சின்ன சைஸும், கொஞ்சம் வெட்டுக்கிளிக் குஞ்சுகளும் வாங்கினோம். மாவுப்புழுவைக் கடைக்காரப் பையனே வேண்டாம் என்றான், தோல் கெட்டியாம், குட்டிக்குச் செரிக்காதாம். வாங்கியதை அப்படியே போடவும் கூடாது. பூச்சிக்கு ஒரு நாள் கேரட்டும் கீரையும் கொடுத்து அதன் வயிற்றை நிரப்பினால்தான் அந்தச் சத்து இவனுக்குப் போகும். அப்புறம் ஒரு கவரில் பூச்சியையும் கால்சியம் பொடியையும் போட்டுக் குலுக்க வேண்டும், வறுவலுக்கு வாழைக்காயை அரிசி மாவில் பிரட்டுகிற மாதிரி.

வெள்ளை வெளேரென்று ஒன்று கிளையில் ஏறியது. ரங்கசாமி இரண்டு கண்களையும் முன்னால் திருப்பினான், வாய் லேசாகத் திறந்தது, நாக்கு நுனி குமிழ் மாதிரி எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. அடுத்த நொடி பூச்சியின் ஒரு கால் மட்டும் அவன் வாயோரம் ஆடிக்கொண்டிருக்க, உதட்டில் பொடி, மாவு லட்டு திருடித் தின்ற பிள்ளை மாதிரி. மகளும் நானும் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பவன் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறான். நேற்று ராத்திரி அவனுக்கும் ஒரு துண்டு கேரட்டைத் தள்ளிவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.