சண்டைக்கே வராத வில்லன்

‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில் வேடம் கட்டிய வில்லன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் திரைக்கதை எழுதப் பழகுபவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது, கோட் சூட் போட்ட ஒரு ரியல் எஸ்டேட் முதலாளி வரும் ‘அப்பாயின்ட்மென்ட் இன் கிரைம் ஆலி’ எபிசோடைத்தான். ஒளிபரப்பானது 1992 செப்டம்பர் 17. எழுதியவர் ஜெர்ரி கான்வே, இயக்கியவர் பாய்ட் கிர்க்லண்ட்.

மூலம் 1976 மார்ச்சில் வந்த டிடெக்டிவ் காமிக்ஸ் 457ஆவது இதழ். எழுத்து டென்னிஸ் ஓ’நீல், ஓவியம் டிக் ஜியோர்டானோ. பெற்றோர் கொல்லப்பட்ட நாளில் வருடா வருடம் பேட்மேன் அது நடந்த ‘கிரைம் ஆலி’ சந்துக்குப் போவதும், அன்றிரவு சிறுவனாக இருந்த தன்னைத் தேற்றிய லெஸ்லி தாம்ப்கின்ஸை அங்கே சந்திப்பதும்தான் கதை. எதிரிகள் சில்லறைத் திருடர்கள், அவ்வளவே. ரோலண்ட் டாகெட் என்ற முதலாளி தொலைக்காட்சிக்காகச் சேர்க்கப்பட்டவர். இந்த ஒரு சேர்க்கைதான் கதையின் எலும்பையே மாற்றுகிறது.

டாகெட்டுக்கு அந்தச் சந்து இருக்கும் பேட்டையின் நிலம் வேண்டும், அங்கே வாழும் மக்கள் காலி செய்ய மறுக்கிறார்கள். நைட்ரோ, க்ராக்கர் (Crocker) என்ற இரண்டு வெடிகுண்டு ஆட்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, குண்டு வெடிக்கும் நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்கும் ஒரு விருந்தில் மேடையேறிப் பேசிக்கொண்டிருப்பார். அந்த மேடைதான் அவருடைய கேடயம். பேட்மேன் எத்தனை பேரை அடித்தாலும் டாகெட் மேல் ஒரு கீறல் விழாது.

அப்படியானால் 22 நிமிடமும் ஹீரோ எதனோடு மோதுவது? கடிகாரத்தோடு. லெஸ்லியைப் பார்க்கக் கிளம்பியவரை வழியில் ஒவ்வொன்றாக மறிக்கிறது: மிரட்டப்படும் குடும்பம், பிணைக்கைதியைப் பிடித்து வைத்திருக்கும் ஆள், பிரேக் பிடிக்காத டிராம். மூன்றில் எதையும் தாண்டிப் போக முடியாது, ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்கிறது. தடைகளை இதற்கு மேல் அடுக்கினால் பார்ப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். டிராம் காட்சியே கொஞ்சம் விளிம்பில்தான் நிற்கிறது. பேட்டைக்கு நடக்கும் அநியாயத்தோடு அதற்கு ஒட்டு இல்லை, வேகத்துக்காகப் போட்டது என்று பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. மிரட்டப்படும் குடும்பத்தின் காட்சி அப்படியில்லை. நேரமும் ஓடுகிறது, அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது.

பின்னணி ஓவியங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவரான எரிக் ரடோம்ஸ்கி கொண்டுவந்த முறையில், இந்தத் தொடருக்குக் கறுப்புத் தாளில்தான் வரைந்தார்கள். வெள்ளைத் தாளில் இருட்டைப் பூசுவதற்குப் பதிலாக, இருட்டிலிருந்து வெளிச்சத்தை மட்டும் எடுத்தார்கள். இடிந்த தெருவுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. விளக்கெரியும் ஒரு ஜன்னலைப் பார்த்தாலே உள்ளே ஆள் இருப்பது புரிந்துவிடும், வசனம் தேவையில்லை.

சறுக்கலும் உண்டு. பேட்டையிலேயே சொந்தமாக யோசித்துச் செயல்படக்கூடிய ஒரே ஆள் லெஸ்லி. குண்டு வைப்பவர்களைப் பார்த்துவிட்ட அவரையும் கட்டிப்போட்டு, மீட்கப்பட வேண்டியவராக்கிவிடுகிறார்கள். மற்றக் குடியிருப்பாளர்கள் பெரும்பாலும் கூட்டம்தான். இந்த வகைக் கதைகளில் வழக்கமாக நடக்கும் தவறு இது. இன்னொன்று, வெடிகுண்டு என்று வந்துவிட்டால் நோட்டீஸ், வாடகை உயர்வு, பராமரிக்காமல் விடுவது போன்ற நிஜ ஆயுதங்களுக்குத் திரையில் இடமில்லாமல் போகிறது. அவை மெதுவானவை, 22 நிமிடத்தில் வெடிக்காது.

முடிவில் எழுத்தாளர் விட்டுக்கொடுக்கவில்லை. டாகெட் தனக்கும் அந்த ஆட்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கைது நடக்க வேண்டிய இடத்தில், பேட்மேனும் லெஸ்லியும் சந்தில் பூ வைக்கிறார்கள்.

டாகெட்டைத் தொடர்ந்து பார்க்க விரும்பினால், இதற்கு முந்தைய வாரம் வந்த ‘ஃபீட் ஆஃப் க்ளே’யில் முகப்பூச்சு க்ரீம் முதலாளியாக வருவார். ‘கேட் ஸ்கிராட்ச் ஃபீவர்’ எபிசோடில் தெரு நாய், பூனைகளுக்கு நோயைத் தொற்றவைத்து, அதற்கான மருந்தைத் தானே விற்கப் பார்ப்பார்.