மாஸ்டர் முடிக்காத கதை

சரித்திர மாஸ்டர் காலமான செய்தி வந்த இரவே பள்ளி நினைவு மலர்க்குழுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஹென்றி, நீதான் எழுத வேண்டும்." அறுபதைத் தாண்டியும் எனக்கு அந்தப் பெயர்தான். காரணம் தெரியாத இளையவர்கள் நான் வேதக்காரன் என்று நினைக்கிறார்கள்.

மாஸ்டர் அன்று ஜேர்மன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கை நடத்திக்கொண்டிருந்தார். திருச்சபையோடு மோதிய பிஸ்மார்க், "நாங்கள் கனோசாவுக்குப் போகமாட்டோம்" என்று 1872இல் நாடாளுமன்றத்தில் சொன்ன இடம் வந்ததும் வெண்கட்டியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவரிடம் படித்த உங்களுக்குத் தெரியும். எட்டு நூற்றாண்டு பின்னால் போய்விட்டோம். ஆயர்களை நியமிப்பது அரசனா, பாப்பரசரா என்ற சண்டை. பாப்பரசர் ஏழாம் கிரெகரி, ஜேர்மன் அரசன் நான்காம் ஹென்றியைத் திருச்சபையிலிருந்து விலக்க, இதற்காகவே காத்திருந்த ஜேர்மன் பிரபுக்கள் அவனைக் கைகழுவத் தயாரானார்கள். இருபத்தாறு வயது அரசன் மனைவியையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு மாரிகாலத்தில் அல்ப்ஸ் மலையைக் கடந்தான்.

"1077 ஜனவரி. பாப்பரசர் தங்கியிருந்த கனோசாக் கோட்டை வாசலில் மூன்று நாள், வெறுங்காலோடு" என்றவர், வகுப்பை ஒருமுறை பார்த்து என்னை முன்னே அழைத்தார். "இவன் என்றால் செருப்புக் கழற்றுகிற வேலை மிச்சம்."

வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை வாசலில் நின்றேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் மலருக்கு அழகு. எனக்கு இன்றும் முழுதாக அப்படித் தோன்றவில்லை. ஆனால் சோதனைக்கு முன் மாலைகளில் காசு வாங்காமல் பாடம் சொல்லி, பிளேன்டீயும் தந்தவர் அதே மனிதர்தான்.

மறுநாள் பிஸ்மார்க் தொடர்ந்தார். ஹென்றி பனியிலேயே விடப்பட்டான்.

மிச்சத்தை ஜேர்மனிக்கு வந்துதான் படித்தேன். பாவமன்னிப்புக் கேட்டு வாசலில் நிற்பவனை ஒரு குருவானவர் துரத்த முடியாது. ஹென்றி கணக்குப் பார்த்தே நின்றிருக்கிறான். 1080இல் மறுபடி விலக்கியபோது எங்கும் போய் நிற்கவில்லை. வேறொரு பாப்பரசரை ஏற்படுத்தி, ரோமைப் பிடித்து, 1084இல் அவர் கையால் பேரரசனாக முடிசூடினான். கிரெகரி அடுத்த ஆண்டு சலெர்னோவில் ஊர் திரும்பாமலே இறந்தார்.

ஹென்றியைக் கடைசியில் வீழ்த்தியது பெற்ற பிள்ளைகள். கொன்ராட் 1093இல் எதிர்ப்பக்கம் போனான். இளைய மகன் தகப்பனைப் பிடித்து அடைத்து, 1105 முடிவில் முடியைத் துறக்கவைத்தான். மறு ஆண்டு லியேஜில் இறந்தவனின் உடல், திருச்சபை விலக்கு நீங்காததால், ஸ்பையரில் அர்ச்சிக்கப்படாத சிற்றாலயமொன்றில் 1111 வரை கிடந்தது. அங்குள்ள பேராலயத்தைப் பெருப்பித்துக் கட்டியவனே அவன்தான்.

இதையெல்லாம் மாஸ்டருக்கு எழுதினேன். என் கடிதமே திரும்பி வந்தது, ஓரத்தில் சிவப்பு மையில்: "நன்று. விடுமுறைக்கு வருகிறாயா?" செருப்பைப் பற்றி நானும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை.

அப்போது என்னிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் புத்தகம். இலங்கைக்கு அது செல்லாது. ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைத்தபோது பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், ஊரில் மறுபடி சண்டை. பிறகு சண்டையும் முடிந்தது. நான் போகவில்லை.

மாஸ்டர் பெயரில் சரித்திரப் பரிசு வைக்க நிதி சேர்க்கிறார்கள். என் பங்கை அன்றே அனுப்பிவிட்டேன். காசு அனுப்புவதில் நாங்கள் ஒருபோதும் பிந்தியதில்லை.