துண்டுக்கு அடியில் இருக்கும் கைகள்

"கையை எதற்கு வரைந்தீர்கள் அண்ணா?" என்று, தன் அப்பாவின் உருவப்படத்தை என்னிடம் வரையச் சொன்னவர் கேட்டபோது, "உங்கள் அப்பாவின் கை அல்லவா?" என்று நான் சொன்ன பதில் உண்மையல்ல. அவர் தந்தது, தோல் தொழிற்சாலை அடையாள அட்டைக்காக எடுத்த மார்பளவுப் புகைப்படம்; அதில் கைகளே இல்லை. ராணிப்பேட்டையில் அதே வேலை பார்த்த வேறொரு பெரியவரை உட்காரவைத்துத்தான் அவற்றை வரைந்தேன். ஆவாரம் பட்டைச் சாற்றில் ஆண்டுக்கணக்கில் தோலைப் புரட்டியதால் விரல்களில் ஏறிய செம்பழுப்பையும், சுண்ணாம்புக் குழி அரித்த நகக்கண்களையும் பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணங்களில் கொண்டுவர ஒன்பது நாட்களாயின. நான் வரைந்தவற்றில் அதற்கு இணையான பகுதி வேறில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

அவ்வளவு பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். என் தந்தை வேலூரில் கடைப் பலகை எழுதியவர். கட்டம் போட்டு உருவத்தைப் பெரிதாக்க அவரிடம்தான் கற்றேன். சென்னையில் ஓவியம் படித்த நாட்களில், 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்கு அடியில் அமர்ந்து, பாறையை நெம்பும் அந்த நால்வரின் தோள்களையும் முழங்கைகளையும் பல மாலைகள் கோட்டோவியமாக்கியிருக்கிறேன். ரவி வர்மா எண்ணெய் வண்ணத்தில் பட்டுக்கும் நகைக்கும் தந்த மினுக்கத்தை, பட்டு உடுத்தாதவர்களின் தோலுக்குத் தர வேண்டும் என்பதே அன்றிலிருந்து என் ஆசை. வண்ணத்தில் கலக்கும், மெதுவாக உலரும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) அதற்கு இடம் தரும். ஒரு சுருக்கத்தை நான்கு நாள் கழித்தும் திருத்தலாம்.

இவற்றையெல்லாம் அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட பிறகு, "வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்கள். சொந்தமாகக் கட்டிய வீட்டில் அதையே மாட்டச் சொல்கிறீர்களா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் வாதாடியிருப்பேன்.

கைகளின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை வரைந்தேன். அது அவருடைய தந்தை, அவருடைய சுவர். என் ஆசைக்கு அவர் குடும்பத்தின் காயத்தைக் காட்சிப்பொருளாக்க எனக்கு உரிமையில்லை என்று அன்று தோன்றியது. இன்றும் பெரும்பாலும் அப்படியே தோன்றுகிறது. ஆனால் துண்டை வரைந்த வேகத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது; முன்பணத்தை அதற்குள் செலவழித்திருந்தேன். பழைய லெட் ஒயிட்டாக (ஈய வெள்ளை வண்ணம்) இருந்தால் பல பத்தாண்டுகளில் மெல்ல ஒளி ஊடுருவுவதாகி, அடியில் இருப்பதைக் கொஞ்சமேனும் காட்டத் தொடங்கும். நான் பூசியது டைட்டானியம் ஒயிட். அது எளிதில் விட்டுக்கொடுக்காது.

புதுமனைப் புகுவிழாவுக்கு முந்திய நாள் படத்தைக் கொண்டுபோனேன். அவருடைய தாயார் நெடுநேரம் அதன் முன் நின்றார். முகம் அப்படியே இருப்பதாகச் சொன்னவர், சற்றுப் பொறுத்து, "துண்டைத் தோளில் போடாமல் எதற்கு மடியில் வைத்திருக்கிறார்?" என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். தோளில் துண்டு போட்டு எந்தத் தெருவிலெல்லாம் நடக்க முடியாது என்று அறிந்த தலைமுறை அந்தத் தாயாருடையது. திருத்தித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். துண்டைத் தோளுக்கு ஏற்றினால் கைகள் வெளியே வந்துவிடும்.